பெட்டியா, பார்ட்ஸா

"இரிங்க ஆன்டி, முன்னால வந்த ஒரு ஆள விட்டுட்டு வாரேன். அதுக்குள்ள யோசிச்சுருங்க, கம்பெனி பெட்டியா, பார்ட்ஸான்னு" என்று கடைக்காரத் தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனான். யோசிச்சுருங்க என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். யோசிக்கத்தானே செய்கிறேன், வேப்பமூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து, இல்லை, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டதிலிருந்து. அங்கேயே ஒரு யோசனை, பூட்டவா வேண்டாமா. பூட்டினால் அவனை உள்ளே அடைத்துவிட்டு வந்த மாதிரி. பூட்டாவிட்டால் யாரும் உள்ளே வரலாம். வரட்டும், ஒரு ஆபத்தென்றால் யாராவது உள்ளே போக முடியவேண்டுமே என்று சும்மா சாத்திவிட்டு வந்தேன். சாத்தினேனா, காற்றுக்குத் திறந்து கிடக்கிறதா. லிபின் தனியாக இருக்கிறான். பெங்களூரில் வேலை பார்த்து, முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை எடுத்துத் தந்த மகன், மீசையும் தாடியுமாய் ஓராள் உயரம் நிற்கிற மகன், அவனை விட்டுவிட்டு வர, தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடி வந்தவள் மாதிரி மார் கனக்கிறது. போன மழைக்காலத்தில் அவன் சாகப் பார்த்தான். இந்த வார்த்தையை நான் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொல்லப் போய் முழங்காலில் நின்றுவிட்டு, மகனுக்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லி எழுந்து வந்தேன். அவனுடைய அப்பா சொந்தக்காரர்களிடம் டைபாய்டு என்று சொல்லிவைத்திருக்கிறார். அதனால் வருகிறவர்கள் எல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருகிறார்கள், கஞ்சி குடு, காரம் சேர்க்காதே என்கிறார்கள், நானும் ஆமா ஆமா என்று தலையாட்டுகிறேன், கூடையில் ஆரஞ்சு சுருங்கிப் போய்க் கிடக்கிறது. அன்றிலிருந்து எங்களில் ஒருத்தர் வீட்டில் இல்லாமல் இருந்ததில்லை. இன்றைக்கு அவர் கொல்லத்துக்கு ஒரு துக்கத்துக்குப் போயாக வேண்டியதாயிற்று. அவர் வந்த பிறகு நாளைக்கு வந்திருக்கலாம். ஆனால் இன்றைக்குக் காலையில்தானே அவன் ம் என்றான். தோசையைப் பிய்த்துக்கொண்டே, "கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்குவமா மக்களே, அந்தப் படம் வரையுற வேலைய வீட்லயிருந்தே செய்யலாம்னு உன் கூட்டுக்காரன் சொன்னான்லா" என்று கேட்டேன். கேட்டுக்கேட்டு எனக்கே அலுத்துப்போன கேள்வி. அவன் ம் என்றான். நாளைக்கு அந்த ம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. கை ஈரத்தைத் துடைக்காமலே சேலை மாற்றினேன்.

இங்கே குளிராக இருக்கிறது. கம்பெனி கம்ப்யூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன, எல்லாத்திலும் ஒரே மலை, ஒரே ஏரி, ஆள் இல்லாத ஒரு படகு. எல்லாம் சுத்தம், எல்லாம் மூடினது. கம்பெனி பெட்டிதான் என்று என் மகள் ஷைனி சொல்லிவிட்டாள், சென்னையிலிருந்து தினம் போன் போடுகிறாள், போட்டதும் முதலில் "அவன் எங்க?" என்று கேட்பாள், பிறகுதான் அம்மா. "எம்மா, நான் சொல்லுகதக் கேளு. பெட்டியப் பிரிச்சு பிளக்கச் சொருகுனா ஓடும். கெட்டுப்போச்சுன்னா கம்பெனிக்கு ஒரு போன், ஆளு வந்து பாத்துட்டுப் போவான். அத விட்டுட்டு ஸ்க்ரூ டிரைவரும் வயரும் கொண்டு அவன் கையில குடுக்கப் போறியா நீ? உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினாள், கத்திவிட்டு அழுதாள், அவள் வீட்டுக்காரர் போனை வாங்கி, நாளைக்குப் பேசுவோம் அத்தை என்று வைத்துவிட்டார். அவள் சொல்வது தப்பில்லை. வீட்டில் எதையெதை எங்கெங்கே ஒளித்து வைத்தேன் என்று எனக்கே மறந்துபோகிறது, காய் நறுக்கக் கத்தி தேடிக்கொண்டு அடுக்களை நடுவில் நிற்கிறேன். அவன் அறைக்கதவில் தாழ்ப்பாள் இல்லை, ஆசாரி வந்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் கழற்றிவிட்டுப் போனார், கழற்றின இடத்தில் மரம் வெள்ளையாகத் தெரிகிறது, கதவு சாத்தியிருந்தால் அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கம்பெனி பெட்டி என்றால் பயமில்லை. அது ஓடும். எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஓட்டிப்பார்த்து, ஓடுகிறது என்று கண்டுதான் மூடியிருக்கிறார்கள். பார்ட்ஸாக வாங்கி, அவன் மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஓடாமல் போனால்? அதுதான், அங்கேதான் என் நெஞ்சு போய் இடிக்கிறது, ஸ்க்ரூ டிரைவரில் இல்லை. உன் வேலை சரியில்லை என்று சொல்லித்தானே பெங்களூரில் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். பிறகு அவர்களுடைய லேப்டாப்பை வாங்கிப்போக வீட்டுக்கே கூரியர்காரர் வந்தார், நல்ல மனுஷர், தண்ணீர் கேட்டுக் குடித்தார். லிபின் அதன் முதுகில் ஒட்டியிருந்த மாதா படத்தை நகத்தால் மெள்ள மெள்ளச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுத்தான். அந்தப் படத்தை ஒட்டினது நான்தான். அவர் அதைப் பஞ்சுக் காகிதத்தில் சுற்றி, டேப் ஒட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு போனார். அதன் பிறகு இவன் கை ஒன்றையும் தொடவில்லை. அந்தக் கையில் நான் ஒன்றைக் கொண்டு கொடுத்து, அதுவும் ஓடாமல், திரை கறுப்பாகவே கிடந்து, அவன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால். ஆண்டவரே, வேண்டாம், பெட்டியே இருக்கட்டும், மூடினதே இருக்கட்டும். ஆனால் மூடினது வந்தால் என்ன ஆகும். ஆள் வருவான், மேசையில் வைப்பான், பிளக்கைச் சொருகுவான், மலையும் ஏரியும் வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான், காபி ஆறும் முன்னால் எல்லாம் முடிந்துவிடும். லிபின் அறைக்குள் போவான். கதவு சாத்தும். அந்தப் பெட்டிக்கு அவன் வேண்டியதில்லை. அவன் இருந்தாலும் ஓடும், அவன்

ஜெபமாலை பையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை, துக்க தேவ இரகசியம். பூங்காவனத்தில் நம் ஆண்டவர் இரத்த வியர்வை வியர்த்தது, அதைத் தாண்டி என் விரல் நகர மாட்டேன் என்கிறது, மணியைப் பிடித்துக்கொண்டே கண்ணாடி அலமாரியைப் பார்க்கிறேன். அங்கேதான் பார்ட்ஸ். மதர்போர்டு என்று ஒன்று உண்டு, எனக்குத் தெரியும், வெள்ளிக் காகித உறைக்குள் இருக்கும், வெளியே எடுத்தால் பச்சையாய், மேலிருந்து பார்க்கிற ஊர் மாதிரி தெருவும் வீடும் தண்ணித் தொட்டியுமாய் இருக்கும். காலேஜ் படிக்கிறபோது லிபின் இப்படித்தான் ஒன்று சேர்த்தான். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாக வரும், வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு திருநாள். "எதுக்குலே இந்தப் பாடு, முழுசா ஒண்ணு வாங்கிற வேண்டியதுதான" என்று அவனுடைய அப்பா கேட்டார். "அப்பா, கம்பெனிக்காரன் உள்ள என்ன வச்சிருக்கான்னு நமக்குத் தெரியாது. தொறக்கவும் விடமாட்டான், தொறந்தா கேரண்டி போச்சும்பான். இது நான் சேத்தது. எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். சாப்பாட்டு மேசையை ஒழித்து, பேப்பரைச் சுருக்கமில்லாமல் விரித்து, அடுக்களையில் வந்து என் தாளிதக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போவான், ஸ்க்ரூ போட. கடுகு வெடிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும், கிண்ணத்தைக் காணோம். "லே, களவாணி, கிண்ணத்தத் தா" என்று கத்துவேன். பிறகு ஒன்று செய்வான். அந்த வெள்ளி உறையைத் தொடும் முன்னால் எழுந்து போய் ஜன்னல் கம்பியைத் தொடுவான். பெயின்ட் உரிந்த இடமாகப் பார்த்து, கண்ணை லேசாக மூடி, கையை வைத்து எடுப்பான், வந்து உட்காருவான். திரும்ப எழுந்து போனால் திரும்பவும் தொடுவான். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் கை நனைத்து நெற்றியில் வைக்கிற மாதிரியே இருக்கும். பூசைக்கு வா என்றால் தலைவலி என்று படுக்கிற பையன், அவனுக்குள்ளே இப்படி ஒரு பக்தியா என்று அடுக்களையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன். கேட்டால் விட்டுவிடுவான் என்று கேட்கவில்லை. மாதர் சங்கத்தில் மட்டும் பெருமையாகச் சொன்னேன், எங்க வீட்டுப் பிள்ளை ஒரு வேலை தொடங்குமுன் கம்பியைத் தொட்டு ஜெபம் பண்ணாமல் தொடங்க மாட்டான் என்று. நானும் பழகினேன். மாவாட்டும் முன்னால் ஒருநாள் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினால், பின்னால் அவன் நிற்கிறான். "என்னம்மா செய்யுக?" "நீ செய்யுகதத்தான்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பு, தரையில் உட்கார்ந்துவிட்டான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "எம்மா, அது ஜெபமில்ல. நம்ம உடம்புல கொஞ்சம் கரண்ட் தேங்கிக் கிடக்கும். நமக்குத் தெரியாது. அப்படியே போர்டத் தொட்டா அது இறங்கிரும், போர்டு செத்துரும். வெளிய ஒரு காயமும் இருக்காது, பாத்தா புத்தம் புதுசா இருக்கும், ஆனா உள்ள செத்துருக்கும். அதுக்காக்கும் கம்பியத் தொட்டு அத விட்டுட்டு வாரது." அன்றிலிருந்து அதுவே அவனுக்குக் கேலியாகிவிட்டது, நான் இட்லிப் பானை மூடியைத் தூக்கினால்கூட, "கம்பியத் தொட்டியாம்மா?" வேலைக்குப் போகும்வரை கேட்டான், பெங்களூரிலிருந்து போனில்கூடக் கேட்டான், எப்போது நிறுத்தினான் என்று தெரியவில்லை. வெளியே ஒரு காயமும் இருக்காது. பெங்களூரிலிருந்து வந்து இறங்கினபோது அப்படித்தானே இருந்தான், புதுச் சட்டை, நல்ல செருப்பு, இஸ்திரி போட்ட மாதிரி ஒரு முகம். பெற்றவள் நானே பார்த்து, பிள்ளை கொஞ்சம் வெளுத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"என்ன ஆன்டி, முடிவாச்சா?" தம்பி வந்து நிற்கிறான். பேர் பிரதீஷ் என்று சட்டையில் மாட்டியிருக்கிறது. "யாருக்கு ஆன்டி?" "மகனுக்கு." "என்ன செய்யுகாரு?" வீட்டில் இருக்கிறான் என்றேன். "வீட்லயே இருந்து வேலையா, கொடுத்து வச்சவரு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், என்ன செய்ய. "அப்படின்னா கம்பெனி பெட்டி எடுத்துருங்க, கேட்டியளா, ஒரு தொல்லையும் இல்ல, மூணு வருஷம் கேரண்டி." மூணு வருஷம். அந்தப் பெட்டிக்கு மூணு வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ ஒருத்தன் கையெழுத்துப் போட்டுத் தருகிறான். எனக்கு இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒரு கையெழுத்துத் தர யாரும் இல்லை. "இல்லன்னா பார்ட்ஸ் நல்லதா எடுத்து நாங்களே சேத்து, ஓட்டிப் பாத்துத் தாரோம்." "நீங்க சேக்காண்டாம்" என்று வாய் சொல்லிவிட்டது, நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. அவன் என்னைப் பார்த்தான். "யாரு சேப்பா, நீங்களா?" "எம் மகன் சேப்பான்." "அவருக்குத் தெரியுமா? எந்த போர்டு, எந்த ரேமுன்னு அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க. ஒண்ணுக்கொண்ணு சேரணும்லா." கேட்டுவிடலாம். போனை எடுத்தேன். அடிக்கிறது. அடிக்கிறது. குளிக்கலாம். அவன் குளிப்பது சாயங்காலம். தூங்கலாம். திரும்பப் போட்டேன், நோண்டிக்கிட்டே இருக்காதம்மா என்பான், சொல்லட்டும், திட்டட்டும், அடிக்கிறது, எங்கள் வீட்டு ஹாலில் அது அடிப்பது எனக்குக் கேட்கிறது, அறைக்கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்து வெள்ளை தெரிகிறது, நின்றுவிட்டது. "எடுக்கலையா? நம்பர் சொல்லுங்க, நான் வாட்ஸப்புல ரெண்டு ரேட்டும் அனுப்புகேன், பெட்டிக்கு ஒண்ணு, பார்ட்ஸுக்கு ஒண்ணு. பாத்துட்டுச் சொல்லட்டும்." நம்பர் சொன்னேன், நடுவில் ஒரு எண் மறந்துபோய்த் திரும்பச் சொன்னேன். "போயாச்சு. ரெண்டு டிக் வந்துட்டு, பாக்கல. பாத்தா நீலமாவும்." எனக்குத் தெரியும் தம்பி, நீலமாவது எனக்குத் தெரியும், நான் மாவு அரைக்கப் போனாலும் கடைக்குப் போனாலும் சாப்பிட்டியா மக்களே என்று அனுப்பிவிட்டு அந்த ரெண்டு கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன், பதில் வேண்டாம் எனக்கு, நீலம் போதும். தன் போனைக் கவுண்டரில் வைத்துவிட்டு அவன் வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டான். சாம்பல் நிறத்தில் ரெண்டு கோடு. இரத்த வியர்வை வியர்த்தபோது சீடர்கள் தூங்கினார்கள், நான் தூங்கவில்லையே ஆண்டவரே, நான் கொஞ்சம் வெளியே வந்தேன், அவ்வளவுதானே, ஒரு கம்ப்யூட்டர் வாங்கத்தானே வந்தேன். பக்கத்து வீட்டு எமிலியைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொல்லலாம். என்ன சொல்லிக் கூப்பிட. டைபாய்டு வந்த பையனை எதற்கு எட்டிப் பார்க்க வேண்டும் என்பாள். சொல்லிவிடுகிறேன், எல்லாத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊருக்கே தெரியட்டும், எட்டிப் பார் எமிலி. எமிலியின் பெயரைத் தேடுகிறேன், விரல் வியர்த்து எழுத்தெல்லாம் வழுக்குகிறது, ஓடிவிடலாம், ஆட்டோ பிடித்து ஓடிவிடலாம், கம்ப்யூட்டராவது மண்ணாவது, மூடினதோ திறந்ததோ, எழுந்துவிட்டேன். "ஆன்டி, நீலமாயிட்டு." என்ன? "பாத்துட்டாரு. டைப் பண்ணுகாரு." உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தது நல்லது. டைப் பண்ணுகிறான். நின்றுவிட்டது. திரும்பப் பண்ணுகிறான். அவன் கட்டைவிரல் அசைகிறது, இப்போது, இந்த நிமிஷம், ஆசாரிப்பள்ளத்தில் என் வீட்டில் ஒரு கட்டைவிரல் அசைகிறது, போதும் மாதாவே, போதும். பிரதீஷ் போனை என் பக்கம் திருப்பினான். எதுவானாலும் சரி என்று எழுதியிருந்தது.

எதுவானாலும் சரி. நாலு கடை ஏறி இறங்கி, அந்த ரேம் வேண்டாம் இந்த ரேம்தான் என்று கடைக்காரர்களோடு மல்லுக்கட்டின பிள்ளை. சோறா இட்லியா என்றாலும் எதுவானாலும் சரி, லைட்டைப் போடவா என்றாலும் எதுவானாலும் சரி. இனி கேட்க ஆள் இல்லை, நான்தான் சொல்ல வேண்டும், ஒன்றும் தெரியாத நான். கம்பெனி பெட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். ஷைனிக்கு நிம்மதி, அவருக்கு நிம்மதி, ஓடும், கறுப்புத் திரை இல்லை. ஆனால் வாரம் ஒன்றாய் ஒரு டப்பா வந்தால், அடுத்த டப்பாவுக்கு அவன் இருந்தாக வேண்டுமே. நான் யோசிக்கிறது கிறுக்கோ என்னவோ. "தம்பி, பார்ட்ஸ்தான். எல்லாத்தையும் இன்னைக்குத் தராண்டாம். போர்டும், அதுல வைக்கிற அந்தச் சின்னச் சிப்பும் மட்டும் இப்பத் தாங்க. மத்தத எம் மகன் கேக்கக் கேக்கத் தாங்க." "அதெப்படி ஆன்டி, அரையும் குறையுமா? வழியில பின்னு கிண்ணு வளைஞ்சா நாங்க பொறுப்பில்ல, கேட்டியளா." "நீங்க பொறுப்பில்ல" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தான். ஆட்டோவில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, குழி வருகிறபோதெல்லாம் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். தப்பு செய்துவிட்டேன், ஷைனி கேட்டால் என்ன சொல்ல, திரும்பிப் போய் மாற்றிவிடலாமா, ஓடவில்லையென்றால் என்ன செய்வேன், ஓடவில்லையென்றால் நான் கூட உட்கார்ந்திருப்பேன், வேறென்ன செய்வேன். வீட்டுக் கதவு நான் சாத்தினபடியே இருந்தது. "மக்களே" என்றேன் வாசலிலிருந்தே. உள்ளே வந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒன்றும் இல்லை. நான் போட்டுவிட்டுப் போன தட்டு இல்லை, ஆரஞ்சுக் கூடை இல்லை, தண்ணிச் செம்பு இல்லை. பேப்பர் விரித்திருந்தது, நாலு மூலையும் இழுத்துவிட்டு, சுருக்கமில்லாமல். ஓரத்தில் என் தாளிதக் கிண்ணம், கழுவித் துடைத்தது. எதுவானாலும் சரி என்று எழுதினவன் விரித்த பேப்பர். என் கையில் மட்டும் அந்த மூடின பெட்டி இருந்திருந்தால், ஆள் வந்து பிளக்கைச் சொருகியிருந்தால், இந்தப் பேப்பரை அவன் என்ன செய்திருப்பான், மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், எனக்குத் தெரியவே தெரியாமல். விழுந்துவிடாமல் இருக்க எதையோ பிடித்துக்கொண்டேன். அவன் அறைக்கதவு சாத்தியிருந்தது. அந்த வெள்ளை. "மக்களே, கொண்டு வந்துட்டேன்." மின்விசிறிச் சத்தம். அது மட்டும். மேசைக்கும் கதவுக்கும் நடுவில், ஜன்னலோரமாக நிற்கிறேன். பிறகு உள்ளேயிருந்து, கேலியாக இல்லை, தூங்கி எழுந்தவன் குரல் மாதிரி, கரகரவென்று, "கம்பியத் தொட்டியாம்மா?"

"தொட்டிருக்கேன் மக்களே" என்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை நான் இன்னும் விட்டிருக்கவில்லை.